சொன்னபடி சொன்னவள்

அவளிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, பிறகு "சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்" என்று நழுவிவிட முடியாது. வாய்க்கு வந்ததுதான் அவளுக்கு வேண்டும். எந்தச் சொல்லில் குரலை இறக்கினீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், நடுவில் எத்தனை முறை தொண்டையைக் கனைத்தீர்கள் என்பது உட்பட எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுவாள். சேர்க்கக் கூடாத இடத்திலும் சேர்த்துவிடுவாள் என்பதுதான் வம்பு.

நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. சில வருஷங்களுக்கு முன்னால் மொழி உதவியாளர் என்று அவளைப் பிரான்சிலிருந்து ஒரு கல்வியாண்டுக்கு எங்களிடம் அனுப்பிவைத்தார்கள். இருபத்து மூன்று வயது. நல்ல உயரம், கடையில் வாங்கிய எந்தச் சுடிதாரும் அவள் கணுக்காலை எட்டிப் பார்த்ததில்லை. மொழி உதவியாளர் இலக்கணம் நடத்தக் கூடாது, விளக்கக் கூடாது. அதெல்லாம் என் வேலை. அவள் பேச வேண்டும், பிள்ளைகள் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதைவிடச் சுகமான வேலை உலகத்தில் உண்டா என்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஒரு பொறாமை இருந்தது.

அவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாக்கியத்தை முதல் முறை சொல்வாள். இரண்டாம் முறை, அதே வேகத்தில், அதே ஏற்ற இறக்கத்தில் சொல்வாள். மூன்றாவது முறை வாய் திறக்க மாட்டாள். வலது உள்ளங்கையை விரித்து ஒரு பிள்ளையை நோக்கி நீட்டுவாள். உன் முறை என்று அர்த்தம். அந்தப் பிள்ளை வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை கையை இறக்க மாட்டாள். ஒன்பதாம் வகுப்பில் கூச்ச சுபாவமுள்ள ஒரு பெண் ஐந்து நிமிஷம் தலை குனிந்துகொண்டு நின்றாள். வகுப்பே நெளிந்தது. நான் உதவிக்கு வாயெடுத்தேன். இவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கை அப்படியே நின்றது. மணி அடிப்பதற்குள் அந்தப் பெண் தப்பும் தவறுமாக முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டாள்.

வருவதற்கு முன்பே எங்கேயோ ஒரு வருஷம் தமிழ் படித்திருந்தாள். பாதி புரியும், பாதி புரியாது. ஆனால் அந்தக் காது இருக்கிறதே, அது புரிவதற்காகக் காத்திருக்காது. ஒரு முறை கேட்டது அப்படியே பதிந்துவிடும். ஒரு நாள் எங்கள் தலைமையாசிரியை அவளிடம், "தாளாளர் ரூம் பக்கமா போறியாம்மா? ரிப்போர்ட் அனுப்பியாச்சுன்னு சொல்லிடு. மனுஷனுக்கு வேற வேலையே இல்ல" என்றார். இவள் நேராகப் போய்த் தாளாளர் முன்னால் நின்று, "ரிப்போர்ட் அனுப்பியாச்சு. மனுஷனுக்கு வேற வேலையே இல்ல" என்று, தலைமையாசிரியையின் அந்த அலுப்பு மூச்சையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் தலைமையாசிரியை காபி குடிக்கவில்லை.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டார்கள். அவள் ஊருக்குப் போகவில்லை. பத்து நாளுக்காக அவ்வளவு தூரம் போய்வருவது கட்டாது என்றாள். விடுதியில் சமையல்காரர்கூடக் கிளம்பிவிட்டார். அவளுடைய பண்டிகை நாளில் ஒரு பெண்ணை வெறும் விடுதியில் விட்டுவிட்டுப் போக மனசு வராமல், நன்னிலம் பக்கம் எங்கள் கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இவங்க யாரு?" என்று கேட்டவர்களிடம் "எங்க ஸ்கூல் அசிஸ்டென்ட்" என்று சொல்லி வைத்தேன். அது தப்பாகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் அசிஸ்டென்ட் என்றால் வேளாண்மை அலுவலகத்திலிருந்து பயிரைப் பார்க்க வருகிறவர். ஸ்கூல் என்ற சொல் ஒருவர் காதிலும் விழவில்லை. மறுநாள் காலையில் மேலத் தெருக்காரர் ஒருவர் அவளை வயலுக்கு அழைத்துப் போய், ஒரு நெல் தூரைப் பிடுங்கிக் கையில் கொடுத்து, "குருத்துப்பூச்சிங்க மேடம். நீங்களே பாருங்க. போன வாட்டி வந்தவரு வண்டியை விட்டே எறங்கல" என்று முறையிட்டிருக்கிறார். இவள் அந்தத் தூரைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாசலில் இருந்த என் அப்பாவிடம், "குருத்துப்பூச்சிங்க மேடம். நீங்களே பாருங்க" என்றாள். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு அவள் பண்டிகை எப்படிக் கொண்டாடப்படும் என்று ஒன்றும் தெரியாது. "நாளும் கிழமையுமா அந்தப் பொண்ணு வாய்க்கு ஒரு இனிப்பு வேணாமா?" என்று சுழியன் சுட்டாள். அவள் நான்கு தின்றுவிட்டு, தன் ஊரில் இந்த மாசத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், அம்மா சன்னல் ஓரம் மெழுகுவத்தி வைப்பாள் என்றாள். கண் கலங்கியதா என்றால் தெரியாது. எண்ணெய்ப் புகையில் எல்லோர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

இனி எங்கள் வீட்டுச் சங்கதியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டை ஒட்டி, நடுவில் ஒரு கிளுவை வேலி, அந்தப் பக்கம் சித்தப்பா வீடு. அப்பாவும் சித்தப்பாவும் பேசி அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஒரு தென்னை. சித்தப்பா சின்ன வயசில் வைத்த மரம். பாகம் பிரித்தபோது சரியாக எல்லையில் நின்றது. ஒரு புயலில் பாதி சாய்ந்ததை அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் ஆளை விட்டு வெட்டிவிட்டார். சித்தப்பா பதிலுக்குத் தன் வரப்பில் இருந்த மடையை அடைத்துவிட்டார். எங்கள் வயல் மேலே, அவர் வயல் கீழே. எங்கள் தண்ணீர் அந்த மடை வழியாக அவர் வயலில் இறங்கித்தான் வடிகாலுக்குப் போகும். அது அடைபட்ட பிறகு, வடக்கே சுற்றிப் போகும் ஒரு பழைய வாய்க்காலைத் தூர் வாரி அப்பா காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவும் சித்தியும் அடிபம்பு அருகில் நின்று ஊர்க் கதை எல்லாம் பேசுவார்கள். அதை இரண்டு ஆண்களும் கண்டுகொள்வதில்லை. ஆனால் வயல் பேச்சு, ஆடு மாடு பேச்சு, வெட்டு குத்து எதுவானாலும் என் வழியாகத்தான் போக வேண்டும். நான் தஞ்சாவூரில் இருந்தாலும் விடமாட்டார்கள். சித்தப்பா எனக்கு இரண்டு நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். "உங்கப்பாகிட்ட சொல்லும்மா" என்றுதான் தொடங்கும். அண்ணன் என்ற சொல் அந்த ஒன்பது வருஷமும் அவர் வாயில் வந்ததில்லை. நான் அதைக் கேட்டு, வசவை எல்லாம் கழித்து, ஒரு வரியாக்கி அப்பாவுக்குச் சொல்வேன். அப்பா பத்து வரி பேசுவார்; அதையும் ஒரு வரியாக்கிச் சித்தப்பாவுக்கு அனுப்புவேன். பிள்ளைகளுக்குச் சுருக்கி எழுதக் கற்றுக்கொடுப்பவள் நான். விஷயம் மட்டும் மிஞ்ச வேண்டும், மற்றதெல்லாம் கழிய வேண்டும். இதனால்தான் இரண்டு வீட்டுக்கும் வெட்டுப்பழி இல்லாமல் ஓடுகிறது என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

அவள் வந்த மூன்றாம் நாள் சித்தப்பாவின் ஆடு வேலியைத் தாண்டி அப்பாவின் வெண்டைச் செடியில் வாய் வைத்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். கைக்கு அகப்பட்டவள் அவள்தான்.

"பாப்பா, அங்க போயி சொல்லு. அவன் ஆட்டை அவன் கட்டலன்னா நான் புடிச்சுக் கட்டிப்பேன். அப்புறம் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நிக்கக் கூடாது" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

நான் ஈரத் தலையோடு வெளியே வந்தபோது அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அமைதியாக, பாடம் சொல்வதுபோல ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "...மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நிக்கக் கூடாது." கடைசியில் அப்பாவின் கனைப்பும் ஒன்று.

சித்தப்பா முகம் கறுத்துவிட்டது. "தென்னையை வெட்டுறப்ப எல்லை தெரியல. ஆடு மேயுறப்ப மட்டும் தெரியுதான்னு கேளும்மா" என்றார். அதையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். அன்று முழுவதும் இரண்டு வீட்டிலும் பாத்திரங்கள் உருண்டன.

நான் அவளைத் தனியாக அழைத்துக் கடிந்துகொண்டேன். எல்லாவற்றையும் அப்படியே சொல்லக் கூடாது, நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்றேன்.

"எது நல்லதுன்னு நான் முடிவு பண்ணினா, அது அவர் பேச்சு இல்லையே. என் பேச்சு ஆயிடும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும், சின்னப் பெண், நம் ஊர் வழக்கம் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது அவள் எந்த ஊரில் என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. ஏப்ரலில் போனாள், இரண்டு புத்தாண்டுக்கு வாழ்த்து வந்தது, பிறகு எண்ணை மாற்றிவிட்டாள் போலிருக்கிறது. அன்று அவள் சொன்ன பதிலை மட்டும் என்னால் இன்னும் மறுக்க முடியவில்லை.

பண்டிகை முடிந்து இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. டிவியில் காற்றழுத்தம் என்றார்கள். ஒரு நாள், இரவு, இன்னொரு நாள் என்று விடாமல் கொட்டியது. சம்பாவில் அப்போதுதான் கதிர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் அப்பா வயலுக்குப் போய்விட்டு வந்து, காலைக்கூடக் கழுவாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார். வடக்கு வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துவிட்டதாம். ஒரு சொட்டுகூட நகரவில்லை.

"கதிர் முங்கிடுச்சு. நாளைக்கும் நின்னா அழுகிடும். ஒரு வருஷ உழைப்பு" என்றார். பிறகு, "அந்த மடையைத் தொறந்தா ஒரு பொழுதுல வடிஞ்சிடும்" என்றார்.

"கேளுங்களேன்" என்றாள் அம்மா.

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ கேளு" என்றார்.

குடையை எடுத்துக்கொண்டு நான் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். சித்தப்பா உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சின்ன வயசிலிருந்து இளைப்பு. ஈரக் காற்றுப் பட்டால் மூச்சு விசிலடிக்கும்.

"சித்தப்பா, மடையைத் தொறக்கணும்ங்கிறாங்க அப்பா" என்றேன். என் வழக்கப்படி ஒரே வரி.

"ஒம்போது வருஷமா கண்ணுல படாத மடை இப்பத்தான் படுதா? என் வயல்லயும்தான் கதிர் வருது. மேல இருக்கிற தண்ணி மொத்தத்தையும் எறக்கினா என் பயிர் என்னாவும்? முடியாதுன்னு சொல்லு" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து, "யோசிச்சுச் சொல்றேன்னாரு" என்றேன்.

அது நான் வழக்கமாகச் செய்வதுதான். சூடு ஆறட்டும், சித்தியிடம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, அவளை யாரும் கேட்கவில்லையே. அப்பா அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். சோறு போட்டு அழைத்தும் வரவில்லை. வேலிப் பக்கம் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கினார். இப்படியே அரை நாள் போயிற்று. அந்த அரை நாளில் வயலில் தண்ணீர் இன்னும் ஒரு விரற்கடை ஏறியிருக்கும்.

மதியம் தாண்டியபோது அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "யோசிக்கிறேன்னானா? அப்படியேவா சொன்னான்?" என்று என்னைக் கேட்டார். நான் சோறு போட எழுந்தேன். அவர் திரும்பி, "பாப்பா, நீயும் கூடத்தான போனே? என்ன சொன்னான்?" என்றார்.

அவள் சொன்னாள். ஒம்போது வருஷமா என்பதில் தொடங்கி, முடியாதுன்னு சொல்லு என்பது வரை. நடுவில் சித்தப்பா மூச்சுக்குத் திணறி நிறுத்திய இடத்தில் தானும் நிறுத்தினாள்.

அப்பா கத்தவில்லை. அந்த நிறுத்தத்தைத்தான் அவர் கேட்டார் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது. மெதுவாக எழுந்தார். தலையில் துண்டைக் கட்டினார். உரச் சாக்கை மடித்து, மழைக்குத் தலையோடு முதுகை மூடும் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியைத் தேடியபடி அம்மாவிடம், அம்மாவிடம்கூட இல்லை, சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"அவன் சொல்றதும் நியாயம்தான். அவன் பயிரும் பயிருதான. நான் வடக்கு வாய்க்கால்ல எறங்கி தாமரையை இழுத்துப் போடறேன், ஆனது ஆவட்டும். அவன் மழையில வெளியில வராம இருந்தா சரி. மூச்சு இப்பவே இழுக்குது போலருக்கு. சின்னப் புள்ளையில ராத்திரி முச்சூடும் என் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாதான் தூங்குவான்."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். அறுபத்தைந்து வயசு மனுஷர். அந்த வாய்க்காலில் கழுத்தளவுத் தண்ணீர். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். வேலியின் சந்து வழியாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. "ஏய், அது சொல்றதுக்கு இல்ல!" என்று பிரெஞ்சிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டு ஓடினேன். அப்பா மானம் போய்விடும் என்றுதான் அப்போது பயந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் சித்தப்பா முன்னால், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, பாதிக்கு மேல் சொல்லிவிட்டாள்.

"...என் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாதான் தூங்குவான்" என்றாள். கனைத்தாள். முடித்தாள்.

முச்சூடும் என்ற சொல்லுக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது. அதை மறுநாள் என்னிடம் கேட்டாள்.

சித்தப்பா கம்பளியைக் கீழே போட்டார். சித்தி, "ஐயையோ, இந்த மழையிலயா, உசுருக்கு வெனையா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர் காதில் விழவில்லை. தாழ்வாரத்தில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நானும் அவளும் ஒரே குடைக்குள் பின்னால் ஓடினோம். குடையால் ஒரு பயனும் இல்லை.

ஒன்பது வருஷ மண். இறுகிப்போய், மேலே கோரை முளைத்துக் கிடந்தது. நான்கு வெட்டுக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கி, அவர் வெட்டினார். என்னிடம் கொடுங்கள் என்று நான் கேட்டதற்குத் தலையை ஆட்டினார். கடைசிக் கட்டி பெயர்ந்ததும் தண்ணீர் பழுப்பாகப் புரண்டுகொண்டு பாய்ந்தது. அவருடைய வயலுக்குள் இறங்கி, கதிர்களைச் சாய்த்துக்கொண்டு, வடிகாலைப் பார்த்து ஓடியது. முதல் வரிசை படுத்துவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்பா வடக்கு வாய்க்காலிலிருந்து கரை ஏறி வந்தார். உடம்பெல்லாம் தாமரை வேர். தண்ணீர் நகர்வதைப் பார்த்தார், பிறகு மடையைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். அப்பா தன் கொங்காணியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"அவன்கிட்ட குடு பாப்பா" என்றார். அதற்குமேல் நிற்காமல், திறந்த மடையின் ஓரம் மண் சரியாமல் இருக்க, குனிந்து காலால் மிதித்து அணைக்கத் தொடங்கினார்.

சித்தப்பா கொங்காணியைப் போட்டுக்கொண்டார். மூச்சு விசிலடித்தது. பயிரின் நுனிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு மேலே வந்துகொண்டிருந்தன. வெகு நேரம் கழித்து, அப்பாவுக்குக் கேட்காத குரலில் அவளைக் கேட்டார்.

"ஏம்மா, எங்கண்ணன் இதுக்கு முன்னாடி எப்பவாவது என்னைப் பத்தி இப்படிப் பேசியிருக்காரா?"

அவளால் பொய் சொல்ல முடியாது. தெரியாததையும் சொல்ல முடியாது.

"எனக்குத் தெரியாதுங்க. நான் வந்து ஏழு நாள்தான் ஆகுது" என்றாள்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். வலது உள்ளங்கையை விரித்து, மழையில், என்னை நோக்கி நீட்டினாள்.

ஒன்பது ஐப்பசி, ஒன்பது கார்த்திகை எனக்கு முன்னால் வந்து நின்றது. வானம் இருட்டினால் அப்பா போன் செய்வார். வாய்க்கால், வரப்பு எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "அந்த மூச்சு மருந்து வாங்கி வெச்சிருக்கானா தெரியல", "ஈரத்துல நிக்கப் போறான், சொன்னா கேக்க மாட்டான்" என்று முனகுவார். நான் வசவைக் கழித்தபோது அதையும் சேர்த்தே கழித்தேன். அது விஷயம் இல்லை என்று நினைத்தேன். அவர் சொல்லச் சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

"சித்தப்பா" என்றேன். நிறுத்திவிட்டேன். அவள் கை அப்படியே இருந்தது. உள்ளங்கையில் மழைத் தண்ணீர் நிறைந்து வழிந்தது.

"சொன்னாங்க சித்தப்பா. ஒவ்வொரு மழைக்கும் சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

முழு வாக்கியமும் முடிந்த பிறகுதான் அவள் கையை இறக்கினாள்.